ஏணி என்று சொன்னேன்

ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் எனக்குக் 'கப்பக்காரர்' என்று பெயர். பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தேன். அதை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு பேங்க் வாசலில் துப்பாக்கியும் கையுமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அதுவும் மறந்து போயிற்று. கடலில் இருந்தது மொத்தமே இரண்டு வருடம். அதுதான் ஒட்டிக்கொண்டது. டீக்கடைக்குப் புது ஆள் யாராவது வந்துவிட்டால் போதும், கடைக்காரர் என்னைக் கைகாட்டிவிடுவார். "இவர யாருன்னு நெனைக்கீக? நடுக்கடல்ல கொள்ளைக்காரனையே சுட்டு வெரட்டுனவரு!"

நான் வடையைப் பிட்டுக்கொண்டே, "ஏதோ, நம்ம வேலை அம்புட்டுதான்" என்பேன். அந்த அடக்கம் சுத்த நடிப்பு. அடுத்த கேள்வியை எவன் கேட்பான் என்று உள்ளுக்குள் காத்துக்கொண்டிருப்பேன். கேட்டுவிட்டால் டீ ஆறிப்போகிறவரை சொல்லுவேன். இதை இப்போது எழுதும்போது என் வாயிலேயே ஒன்று போட வேண்டும்போல இருக்கிறது.

கப்பக்காரர் என்றால் நான் கப்பல் ஓட்டியவன் அல்ல. சரக்குக் கப்பலுக்குக் காவல் போனவன். சோமாலியாப் பக்கம், ஏமன் பக்கம் எல்லாம் கப்பல்கள் போகும்போது சின்னப் படகில் வந்து ஏணியைக் கொக்கி மாட்டி ஏறிவிடுவார்கள். கப்பலையும் ஆட்களையும் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசுவார்கள். அதனால் கப்பல் கம்பெனிகள் அந்தக் கடலைத் தாண்டுகிறவரை துப்பாக்கியோடு நாலு பேரைக் கூலிக்கு ஏற்றிக்கொள்ளும். பெரும்பாலும் எங்களைப் போன்ற ரிட்டயர்டு பட்டாளத்து ஆட்கள்தான். என் மகள் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் சேர்ந்த வருடம் பழைய ரெஜிமென்ட் நண்பன் ஒருவன் போன் செய்து, "வாரியா?" என்றான். "வாரேன்" என்றேன். அதற்கு முன் நான் கடலைப் பார்த்தது திருச்செந்தூரில் மொட்டை போட்டபோதுதான்.

போன பிறகுதான் தெரிந்தது, வேலையில் முக்கால்வாசி காத்திருப்பு. துப்பாக்கியோடு எந்த நாட்டுத் துறைமுகத்துக்குள்ளும் சுலபமாக நுழைய முடியாது. அதனால் கரைக்கு எட்டாத தூரத்தில் ஒரு பழைய கப்பலை நிறுத்தி வைத்திருப்பார்கள். அதில்தான் துப்பாக்கிகளும் நாங்களும் கிடப்போம். ஏதாவது சரக்குக் கப்பல் அந்த வழியாகப் போனால் படகில் கூட்டிப்போய் அதில் ஏற்றிவிடுவார்கள். ஆபத்தான பகுதி தாண்டியதும் அந்தப் பக்கம் நிற்கிற இதேமாதிரி இன்னொரு கிழட்டுக் கப்பலில் இறக்கிவிடுவார்கள். அடுத்த கப்பல் நாளைக்கும் வரலாம், நாற்பது நாள் கழித்தும் வரலாம். ஒருதடவை நாற்பத்தாறு நாள் கிடந்தேன்.

தனிமை என்றால் பக்கத்தில் ஆள் இல்லாதது என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தக் கப்பலில் அறுபது பேர் இருந்தோம். மூன்று அடுக்குக் கட்டில், எனக்கு நடு அடுக்கு. தலையைத் தூக்கினால் மேலே படுத்திருப்பவரின் கட்டில் தகரம் இடிக்கும். அறுபது பேரில் தமிழ் பேச ஒருவரும் இல்லை. ஹிந்தி எனக்கு நன்றாக வரும். ஆனால் ஹிந்தியில் எனக்குக் கோபப்படத்தான் தெரியும், வருத்தப்படத் தெரியாது. எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை தெரியும். அதை நான் அதுவரை பார்த்ததாகவே நினைவில்லை. அங்கே போன பிறகுதான், காலையில் மேல்தளத்தில் நின்றதும் கண் தானாக ஒரு பக்கம் திரும்பி மலையைத் தேடும். நாலு பக்கமும் தண்ணீர். எதன்மேல் பார்வையை வைப்பது என்று தெரியாமல் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சரக்குக் கப்பலில் ஏறிவிட்டால் நாலு மணி நேரம் காவல், எட்டு மணி நேரம் ஓய்வு. கப்பல் விளிம்பு பூராவும் முள்கம்பிச் சுருள், தண்ணீர் பீச்சுகிற குழாய்கள். இன்னொரு கூத்து, கப்பல் வேலையாட்கள் போடுகிற பழைய முழு உடுப்புக்குள் கந்தலை அடைத்து, தலையில் ஹெல்மெட் மாட்டி, ஆள் நிற்கிற மாதிரி அங்கங்கே பொம்மை கட்டி வைத்திருப்பார்கள். சோளக்காட்டுப் பொம்மைதான், வேறொன்றுமில்லை. நான் நிற்கிற பக்கத்துப் பொம்மையை மச்சினன் என்று முறை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "என்ன மாப்ள, ஒம்ம தங்கச்சிக்குப் போன் போட்டீரா? அவ ஏங்கிட்டப் பேசுறதே இல்ல" என்பேன். சிரிக்காதீர்கள். ஒரு வாரம் வாயைத் திறக்காமல் இருந்து பாருங்கள்.

அப்படிப் பதினோரு பயணம் போனேன். பதினோரு பயணத்திலும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு திமிங்கிலம்கூட வரவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில், ஏதாவது நடந்து தொலையாதா என்று எனக்கு இருந்தது.

பன்னிரண்டாவது பயணத்தில் நடந்தது. காலை ஒன்பது, ஒன்பதரை இருக்கும். கடல் தட்டையாகக் கிடந்தது. வலது பக்கம் தூரத்தில் ஒரு புள்ளி. பைனாகுலரில் பார்த்தேன். சின்னப் படகு, மூன்று பேர். நேராக எங்களைப் பார்த்து வருகிறது, அதுவும் சாவுக்குப் போகிற வேகத்தில். ரேடியோவில் சொன்னேன். டீம் லீடர் ஒரு வெள்ளைக்காரர், அவரும் பழைய பட்டாளத்துக்காரர். மறுபக்கத்தில் நின்றிருந்த அவருக்குப் படகு தெரியவில்லை. என் கண்ணை நம்பித்தான் எல்லாம்.

கேப்டன் ஹாரன் அடித்தார். குழாய்களைத் திறந்துவிட்டார்கள். நான் துப்பாக்கியைத் தலைக்கு மேல் இரண்டு கையாலும் தூக்கிக் காட்டினேன். எங்களிடம் ஆயுதம் இருக்கிறது என்று தெரிந்தால் பெரும்பாலும் திரும்பிவிடுவார்கள். இவர்கள் திரும்பவில்லை. படகின் முன்னால் ஒருவன் நின்றுகொண்டு நீளமாக எதையோ தூக்கி ஆட்டுகிறான். கத்துகிறான். கப்பல் இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, வாய் மட்டும் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது.

ரேடியோவில் டீம் லீடர் கேட்டார், "ஏணி தெரிகிறதா?"

அந்தக் கேள்விதான் முக்கியம். மீன்பிடிக்கிறவன் ஏணி கொண்டு வரமாட்டான். ஏணி இருந்தால் கொள்ளைக்காரன், சுடலாம். இல்லையென்றால் இன்னும் பொறுக்க வேண்டும். நான் பார்த்தேன். நீளமாக இருந்தது, நடுவில் குறுக்குக் கட்டை மாதிரி ஏதோ தெரிந்தது. ஏணிதானா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பதினேழு வருடம் பட்டாளத்தில், மேலே இருப்பவர் கேட்டால் 'தெரியவில்லை' என்ற பதிலை நான் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னவன் என்ன பாடுபட்டான் என்று பார்த்திருக்கிறேன். ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று. "ஆமாம், ஏணி" என்றேன்.

"சுடு" என்றார்.

முதல் இரண்டு குண்டும் படகுக்கு முன்னால் தண்ணீரில் போட்டேன். படகு நிற்கவில்லை. கப்பலின் முன்பக்கமாகக் குறுக்கே வெட்டித் திரும்பியது. மூன்றாவதை இன்ஜினைப் பார்த்து வைத்தேன். நான் நல்ல குறிகாரன், ரெஜிமென்ட்டில் கப் வாங்கியவன். ஆனால் நானும் ஆடுகிறேன், படகும் ஆடுகிறது. சுட்டதும் முன்னால் நின்றிருந்தவன் உட்கார்ந்தான். விழவில்லை, உட்கார்ந்தான். கையில் இருந்தது தண்ணீரில் விழுந்தது. படகு நின்றுவிட்டது.

கப்பல் நிற்கவில்லை. அந்த இடத்தில் எந்தக் கப்பலும் நிற்காது, அதுதான் விதி. கொஞ்ச நேரத்தில் படகு மறுபடியும் புள்ளியாகிவிட்டது. நான் பின்பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தேன். கப்பல் கிழித்துக்கொண்டு வந்த தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகத் தெர்மக்கோல் துண்டுகள் வரிசையாக மிதந்தன. எவனோ கப்பல்காரன் குப்பையைக் கொட்டியிருக்கிறான், கொஞ்சம்கூட அறிவில்லாத பயல்கள் என்று திட்டிவிட்டுத் திரும்பினேன்.

சாயங்காலம் ரிப்போர்ட் எழுதினோம். அச்சடித்த படிவம். 'ஏணி காணப்பட்டதா' என்று ஒரு கட்டம். அதில் நானே டிக் போட்டேன். கேப்டன் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் கொடுக்கச் சொன்னார். எனக்கு இரண்டு கப். இரண்டையும் தின்றேன்.

கம்பெனியிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. என் மனைவி அதை ஸ்ரீவில்லிபுத்தூர் கொண்டுபோய் லேமினேட் செய்து, வீட்டில் கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினாள். காண்ட்ராக்ட் முடிந்து ஊர் திரும்பி, ஒரு பஞ்சாலை கேட்டில் பகல் ஷிப்ட் செக்யூரிட்டியாகச் சேர்ந்தேன். டீக்கடையில் கதை வளர்ந்தது. ஒரு படகு இரண்டானது. மூன்று பேர் எட்டுப் பேரானார்கள். அவர்கள் கையில் நானே துப்பாக்கியைக் கொடுத்தேன். அந்த மனிதன் உட்கார்ந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம்கூட.

சொல்லாததால் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அதுதான் வேடிக்கை. சாப்பிட்டேன், தூங்கினேன். மகளுக்குக் கல்யாணம் ஆகி ஓசூர் போய்விட்டாள். மனைவி காலையில் பேண்டேஜ் துணி சுற்றுகிற கம்பெனிக்குப் போய்விடுவாள். வீட்டில் நானும் சுவரில் அந்தக் கடிதமும்.

எங்கள் ஊருக்கு மீன் தூத்துக்குடியிலிருந்து ஐஸ்பெட்டியில் வரும். மார்க்கெட் பக்கம் தார்ப்பாய் கட்டி ஒருவர் விற்றுக்கொண்டிருந்தார். தூத்துக்குடிக்காரர், நாற்பது வயது இருக்கும். இங்கே பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். கழுத்தில் சிலுவை தொங்கும். வருகிற ஆண்கள் எல்லோரும் அவருக்கு அண்ணாச்சிதான், பள்ளிக்கூடப் பையன் வந்தாலும் "என்ன அண்ணாச்சி, அம்மை என்ன வாங்கச் சொன்னா?" என்று கிண்டல் செய்வார். 'சார்' என்கிற வார்த்தை அவர் வாயில் அதிகாரிகளுக்கு மட்டும். தராசு முத்திரை பார்க்க ஆள் வந்தால், முகத்தை இறுக்கிக்கொண்டு "சொல்லுங்க சார்" என்பார். அவர்கள் அந்தண்டை போனதும் எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே நிற்கும்போது, பக்கத்தில் மீன் வாங்க வந்த தெருக்காரர், "கப்பக்காரரே, பாறை மீனு நல்லாருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

மீன்காரர் நிமிர்ந்தார். "அண்ணாச்சி கப்பல்லயா இருந்திய? சொல்லவே இல்லியே! அப்ப எங்க வலைய அறுத்துட்டுப் போனது நீங்கதானா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். "நீங்க எந்தக் கடல்ல இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"வளைகுடாவுல அண்ணாச்சி. அரபி மொதலாளி போட்டுல ஏழு வருசம். நம்ம ஆளுவ எம்புட்டுப் பேரு அங்க கெடக்காவ!" மீனைச் செதில் உரித்துக்கொண்டே சொன்னார். "கொள்ளைக்காரனுக்குக்கூட எங்களுக்குப் பயம் இல்ல. கப்பலுக்குத்தான் பயம். மைல் கணக்குல வலைய விட்டுட்டுக் கெடப்போம். பெரிய கப்பல் நேரா அது மேல வரும். ஏறிப் போயிட்டா அம்புட்டும் கந்தல். மொதலாளி நம்ம தலையில கட்டிருவாம். அதனால என்ன செய்வோம், சின்ன போட்ட எடுத்துட்டுக் கப்பலுக்கு நேரா விடுவோம். முன்னால நின்னு கொடிக்கம்பத் தூக்கி ஆட்டுவோம். 'ஒதுங்கிப் போ, ஒதுங்கிப் போ'ன்னு கெடந்து கத்துவோம். எவனுக்குக் கேக்கும்?"

நான் கேட்டேன், "கொடிக்கம்பா? அது எப்படி இருக்கும்?"

"வலை கெடக்குற எடத்துக்கு அடையாளம். மூங்கிலு அண்ணாச்சி, ரெண்டு ஆள் ஒசரம். உச்சியில கறுப்புத் துணி. நடுவுல குறுக்குக் கட்டை வச்சுக் கட்டியிருப்போம், மெதப்பு மாட்ட."

"மிதப்புன்னா?"

"தெர்மக்கோல்தான். வலை நெடுக வெள்ளை வெள்ளையா வரிசையா கெடக்கும்லா." கத்தியைத் துடைத்தார். "சாளை ஒரு கிலோவா ரெண்டா அண்ணாச்சி?"

ஒரு கிலோ என்றேனா இரண்டு என்றேனா நினைவில்லை. "உங்கள எப்பவாவது சுட்டிருக்காங்களா?" என்று கேட்டேன்.

"தண்ணியப் பீச்சி அடிப்பாவ. ஒருதடவ துப்பாக்கியத் தூக்கிக் காமிச்சாவ. நாங்க திரும்பிட்டோம், வலை போச்சு. திரும்பாதவனும் இருப்பாம்லா. வலை போனா அவனுக்கு எல்லாமே போச்சே."

அன்று மத்தியானம் மனைவி மீனைப் பொரித்துத் தட்டில் வைத்தாள். வாய்க்குக் கொண்டுபோனேன், திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"ஏன், மீனு சரியில்லையா?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"பொறவு என்ன? மொகம் ஏன் இப்டி இருக்கு?"

"ஒண்ணுமில்லன்னா விடேன்!" என்று கத்திவிட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள்மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றுமில்லை. கத்துவதற்கு வீட்டில் வேறு ஆள் இல்லை.

அதன்பிறகு என் மண்டைக்குள் ஒரே வழக்கு. அவர்கள் கொள்ளைக்காரர்களாகவும் இருந்திருக்கலாம். கொள்ளைக்காரர்களும் அப்படித்தான் வருவார்கள். இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் அந்தத் தெர்மக்கோலை நான் என்ன செய்வது? மில் கேட்டில் லாரி நம்பரை எழுதும்போதும் அது மிதக்கும். அவன் எப்படி உட்கார்ந்தான் என்று யோசிப்பேன். காலில் பட்டு உட்கார்ந்தானா? பயந்து உட்கார்ந்தானா? டீக்கடையில் ஒருநாள் கடைக்காரர் வழக்கம்போல யாரிடமோ, "இவர யாருன்னு நெனைக்கீக" என்று ஆரம்பித்தார். "யோவ், பேசாம டீய ஆத்தும்!" என்று கத்தினேன். அந்தக் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். போக வேறு இடமும் இல்லை.

ஒரு லீவு நாளில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனேன். நான் ஏணியைப் பார்க்கவில்லை, தெரியாமல் சொன்னேன் என்று எழுதி, சத்தியம் செய்து, யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும். அது மட்டும்தான் என் யோசனை. கோர்ட்டு வாசலில் டைப்படிக்கிற கடைக்காரர் ஒரு வக்கீலம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மா நோட்டரியும்கூட. மேஜையில் பாதி சாப்பிட்ட இட்லிப் பொட்டலம் இருந்தது.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இன்னொருவரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. அவர் கையை நாப்கினில் துடைத்துவிட்டுக் கேட்டார். "சம்பவம் நடந்த எடம்?"

"கடல்மா."

"கடல்னா எந்த ஸ்டேஷன் லிமிட்டுண்ணே?"

"ஸ்டேஷன் இல்லம்மா. நடுக்கடல். எந்த நாட்டுக்கும் சேராத எடம்."

"கப்பல் எந்த நாடு?"

"கொடி ஒரு நாட்டுக் கொடி. மொதலாளி வேற நாடு. கேப்டன் வேற நாடு."

"அந்த ஆளு பேரு?"

"தெரியாதும்மா."

"செத்துட்டாரா?"

"தெரியாதும்மா."

அவர் பேனாவை மூடி வைத்தார். கேலி செய்யவில்லை, நல்ல அம்மா. "அண்ணே, இதுக்கு எங்க போயும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. கேஸ் குடுக்க ஆளு இல்ல. விசாரிக்க எடம் இல்ல. நீங்களா ஏன் தூக்கிச் சொமக்கீங்க? வீட்டுக்குப் போயி நிம்மதியா இருங்க."

"எழுதி மட்டும் குடுங்கம்மா" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

அவர் இட்லிப் பொட்டலத்தை ஓரமாக நகர்த்தினார். பிறகு டைப்படிக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கி, முத்திரை போட்டுக் கொடுத்தார். 'நான் ஏணி எதையும் தெளிவாகப் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னது என் தவறு.' ஒரு பக்கம்கூட இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தால் மனைவி சந்தேகப்படுவாள் என்று கால் கிலோ பால்கோவா வாங்கினேன். இரண்டையும் ஒரே பையில் போட்டதில் காகிதத்தில் நெய் பட்டுவிட்டது.

அதைப் போட்டோ எடுத்துக் கம்பெனிக்கு இமெயில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. என் சேவைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அந்தச் சம்பவத்தில் யாரும் காயமடைந்ததாகத் தகவல் இல்லை, கோப்பு முடித்துவைக்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். தகவல் இல்லையாம்! தகவலை யாரடா கொண்டுவந்து கொடுப்பான்? அந்தப் படகுக்காரன் உங்கள் ஆபீசைத் தேடிக்கொண்டு வருவானா? போனைக் கட்டிலில் விட்டெறிந்தேன்.

சத்தம் கேட்டு வந்த என் மனைவி, போனுக்குப் பக்கத்தில் கிடந்த காகிதத்தை எடுத்துவிட்டாள். நெய்க்கறையைச் சேலை முந்தானையால் தேய்த்துக்கொண்டே எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க வேணும்னேயா செஞ்சீக?" என்றாள்.

"இல்ல."

"பொறவு என்ன? மேல இருக்கவரு சொன்னாரு, நீங்க செஞ்சீக. அவன் கொள்ளைக்காரனா இருந்திருந்தா ஒங்கள விட்டிருப்பானா?"

எனக்காகத்தான் பேசினாள். இருபத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்தவள் வேறு எப்படிப் பேசுவாள்? அவள் பேசப் பேச நான் அந்தக் கட்டிலில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தேன். வக்கீலம்மா மன்னித்துவிட்டார், கம்பெனி மன்னித்துவிட்டது, இவளும் மன்னித்துவிட்டாள். மன்னிக்க உரிமை இல்லாதவர்கள் எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். அன்று அந்தக் கடிதத்தைச் சுவரிலிருந்து கழற்றிப் பீரோவுக்கு அடியில் தள்ளினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனேன். கூட்டம் குறைகிறவரை ஓரமாக நின்றேன். மீன்காரர் பார்த்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, மாசக்கணக்கா ஆளக் காணோம்? மீனு கசந்து போச்சோ?"

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று காகிதத்தை நீட்டினேன்.

"கை பூரா செதிலு. நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். காவல் போனது, பொம்மை, படகு, ஏணி என்று சொன்னது, மூன்றாவது குண்டு, அவன் உட்கார்ந்தது, தெர்மக்கோல். டீக்கடையில் சேர்த்த ஒன்றையும் சேர்க்காமல், விட்ட ஒன்றையும் விடாமல் சொன்னேன். முதலில் மீனை வெட்டிக்கொண்டேதான் கேட்டார். பிறகு கத்தி நின்றுவிட்டது.

"எந்தப் பக்கம்?" என்றார்.

சொன்னேன்.

"எந்த மாசம்?"

சொன்னேன். கையைப் பக்கெட்டில் முக்கிக் கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"எப்டி உக்காந்தாம்? வயித்தப் பிடிச்சானா, நெஞ்சப் பிடிச்சானா?"

"தெரியல" என்றேன். பட்டாளத்தில் சொல்லத் தெரியாமல் போன வார்த்தை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

"அது நாங்க இல்ல. நான் அதுக்கு முந்தியே ஊருக்கு வந்துட்டேன். எங்க ஆளுவள்ளயும் அப்டி யாருக்கும் ஆனதாக் கேள்விப்படல."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "அப்பாடா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "நாங்க இல்லன்னா வேற யாரோதான" என்றார்.

நான் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. எனக்குப் பின்னால் ஒரு அம்மா பாத்திரத்தோடு வந்து நின்றார். மீன்காரர் கத்தியைக் கையில் எடுத்தார். முகம் இறுகிவிட்டிருந்தது.

"ஒங்களுக்கு என்ன வேணும் சார்?" என்றார்.

சாளை ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் அண்டை அயலைப் பார்த்துக் கண்ணடிக்கவில்லை.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. என் மனைவி, "ஊர்ல வேற மீனுக்கடையா இல்ல? எதுக்கு அங்கயே போறீக?" என்கிறாள். அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை. அந்தக் கடலில் நடந்ததற்காக இந்த உலகத்தில் என்மேல் கோபமாக இருக்கிற ஒரே ஆள் அவர்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிறேன். எனக்கு முன்னால் நிற்பவரிடம், "அண்ணாச்சி, இன்னைக்குப் பாறை அருமையா இருக்கு" என்கிறார். பின்னால் நிற்பவரிடம், "வாங்க அண்ணாச்சி" என்கிறார். நடுவில் என் முறை வரும்போது சிரிப்பை நிறுத்திவிட்டு, "சொல்லுங்க சார்" என்கிறார்.

"சாளை ஒரு கிலோ" என்கிறேன்.